நட்டதும் வந்ததும்

சேத்தியாத்தோப்புக்குத் தெற்கே வீராணம் ஏரியும் அதன் பாசன வயல்களும். வடக்கே போகப் போக, தட்டையான சமவெளியின் விளிம்பில் ஒரு மேடு எழும்புகிறது. குன்று என்றுதான் புதியவர் நினைப்பார். நெய்வேலிச் சுரங்கம் வெட்டிக் கொட்டிய மண் அது. 1957-ல் தொடங்கிய வெட்டு, 1961-ல் பழுப்பு நிலக்கரியைத் தொட்டது. கரிக்கு மேலே பல பத்து மீட்டர் ஆழத்துக்குப் படிந்திருந்த செம்மணலும் களியும் தலைகீழாகப் புரண்டு மேடாயின. அந்த அடுக்குகளோடு வந்த வெள்ளைக் களிமண் விருத்தாசலத்தின் பீங்கான் சூளைகளுக்குப் போனது. மீதி அங்கேயே கிடக்கிறது. பழைய மேடுகள் இன்று பச்சையாக இருக்கின்றன. எந்தப் பச்சை என்பதுதான் கேள்வி.

ஊரின் பெயரிலேயே தோப்பு இருக்கிறது. தோப்பு மனிதன் இடைவெளி விட்டு, வரிசை பிடித்து வளர்த்தது. காடு தானாக வந்தது. பேச்சில் ‘முந்திரிக்காடு’ என்றும் சொல்வோம்; ஆனாலும் எது நட்டது, எது வந்தது என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடும். அரசுக் கணக்கில் அது தெரிவதில்லை. இந்திய வன ஆய்வு நிறுவனம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வெளியிடும் அறிக்கையில், ஒரு ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில் மரக்கவிகை 10 விழுக்காட்டை எட்டினால் அது வனப்பரப்பு. சவுக்கா, தைலமரமா, கோயில் காடா என்று செயற்கைக்கோள் படம் பிரித்துச் சொல்லாது. 2022-ல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கமும் மாநிலத்தின் வனம், மரம் சேர்ந்த பரப்பை 33 விழுக்காட்டுக்கு உயர்த்துவதையே இலக்காக வைத்திருக்கிறது. பரப்பை அளக்க வானத்திலிருந்து பார்த்தால் போதும். நிலம் மீண்டதா என்று அறிய, குனிந்து செடிகளைப் பெயர் சொல்லி எண்ண வேண்டும்.

இப்படிக் குனிந்து எண்ணும் பழக்கம் உலகில் மிகவும் தேர்ந்திருக்கும் இடங்களில் ஒன்று இங்கிலாந்தின் ‘ஹீத்’ நிலம். சத்தில்லாத, அமிலம் மிகுந்த மணல் மண்ணில் முழங்கால் உயரத்துக்கு வளரும் புதர்வெளி அது. மரம் அரிது. ஆகஸ்டு மாதத்தில் ‘ஹெதர்’ என்னும் குறும்புதர் பூத்து வெளி முழுக்க ஊதா நிறமாகும். தென் இங்கிலாந்தின் டார்செட் மாவட்டத்தில் 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஏறத்தாழ 40,000 ஹெக்டேர் இருந்த ஹீத், உழவுக்கும் ஊசியிலை மரத்தோட்டத்துக்கும் வீட்டு மனைக்கும் பலியாகி, 1978-ல் 6,000 ஹெக்டேருக்கும் குறைந்துவிட்டது. அந்த எண் நமக்குக் கிடைப்பதே 1978-ல் நைஜல் வெப் என்ற சூழலியலாளரும் துணைவர்களும் மாவட்டத்து ஹீத் முழுவதையும் சதுரம் சதுரமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எந்தச் செடி எவ்வளவு என்று குறித்ததால்தான். 1987-லும் 1996-லும் அதே சதுரங்களுக்குத் திரும்பப் போனார்கள். ஒருமுறை எண்ணினால் பட்டியல் கிடைக்கும்; அதே இடத்தில் மறுபடி எண்ணினால்தான் நிலம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரியும்.

தமிழ்நாட்டில் ஹீத் கிடையாது. ஆனால் அதன் நிலைமைக்கு நெருங்கிய உறவு ஒன்று கடலூர் மாவட்டத்திலேயே இருக்கிறது: சோழமண்டலக் கரையின் செம்மண் மேட்டில், ஓங்கி வளராமல் அடர்ந்து நிற்கும் உலர் பசுமைமாறாக் காடும், அது சிதைந்து உண்டான முள்புதர்க் காடும். இங்கும் மண் ஏழை. இங்கும் வருவாய்த்துறைப் பதிவேட்டுக்கு அது ‘தரிசு’. இந்தக் காட்டின் முதன்மையான சிறுமரம் காசான். சங்க இலக்கியம் ‘காயா’ என்று முல்லை நிலத்துக்குச் சொல்லும் செடி இதுவே என்பர். மழைக்கு முன்னும் பின்னும் அது நீலமாகப் பூத்து நிற்பதைப் பார்த்தவருக்கு டார்செட்டின் ஊதா வெளி அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது.

எண்ணும் முறை மிக எளியது. நான்கு முளையும் ஒரு கயிறும் போதும். பத்து மீட்டர் சதுரம் கட்டி அதற்குள் மரங்கள். அதன் மூலையில் ஐந்து மீட்டர் சதுரம், அதில் புதர்கள். அதற்குள் ஒரு மீட்டர் சட்டம், அதில் புல்லும் பூண்டும். மரத்துக்கு மார்பளவு உயரத்தில் நாடா சுற்றிச் சுற்றளவு எடுப்பார்கள். உலர் பசுமைமாறாக் காட்டில் மரங்கள் மெதுவாகவே பருக்கும். அதனால் பெரிய மழைக்காடுகளில் கணக்கில் சேராத 10 சென்டிமீட்டர் சுற்றளவுத் தண்டும் இங்கே மரமாக எண்ணப்படும். எண்ணிய மரத்துக்கு எண் பொறித்த அலுமினியத் தகடு. பெயர் தெரியாத செடியைப் பூவோ காயோ இருக்கும் கிளையாகப் பறித்து, செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து அழுத்தி, உலர்த்தி, ஒட்டி, தேதியும் இடமும் எழுதினால் அது உலர்தாவர ஏடு.

இவ்வளவு எளிய வேலையை நிபுணர்களின் கண்ணே செய்துவிடாதா? 1898-ல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா புல்வெளியில் ராஸ்கோ பவுண்டும் ஃபிரெடரிக் கிளெமெண்ட்ஸும் இந்தக் கேள்விக்கு விடை கண்டார்கள். பல ஆண்டுகள் அந்தப் புல்வெளியில் நடந்து பழகியவர்கள் அவர்கள். எந்தச் செடி நிறைய இருக்கிறது என்று மனதில் ஒரு வரிசை வைத்திருந்தார்கள். சதுரம் கட்டி ஒவ்வொன்றாக எண்ணியபோது அந்த வரிசை குலைந்தது. பகட்டாகப் பூக்கும் செடிதான் கண்ணில் நிற்கும். புல்லுக்குள் ஒடுங்கிக் கிடப்பது நிற்காது.

தமிழுக்குத் தாவரப் பட்டியல் புதிதல்ல. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 99 பூக்களை அடுக்குகிறது. ஊர்ப்பெயர்களும் பழைய பதிவுகளே: திருப்பாதிரிப்புலியூரில் பாதிரி மரம் இருக்கிறது, சிதம்பரத்தின் பழம்பெயர் தில்லை, உப்பங்கழி ஓரத்து மரம். ஆனால் பட்டியலில் எண்ணிக்கை இல்லை, எல்லை இல்லை. பாதிரி ஒன்று நின்றதா, நூறு நின்றனவா என்று நமக்குத் தெரியப்போவதில்லை.

எண்ணுவதற்கு முன் இன்னொன்று வேண்டும். எதைப் போல் மீள வேண்டும்? 2004-ல் உலகச் சூழல் மீட்புச் சங்கம் வெளியிட்ட வழிகாட்டி, மீண்ட நிலத்துக்கான முதல் அடையாளமாகச் சொல்வது, ஒப்புநோக்கும் நிலத்தில் உள்ள செடிகொடிகளின் கூட்டம் இங்கும் இருக்க வேண்டும் என்பதைத்தான். கடலூர் மாவட்டத்துக்கு அந்த ஒப்பு நிலம் கோயில் காடுகள். அய்யனாருக்கும் அம்மனுக்கும் விட்டுவைத்த அந்தத் துண்டுகளில் வெட்டுக்கத்தி படாமல் இருந்ததால், சுற்றியிருந்த காடெல்லாம் வயலாகவும் முந்திரியாகவும் மாறிய பின்னும் ஒரு மாதிரி தங்கியது. பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் புதுச்சேரியில் 1955-ல் தொடங்கியபின் பிளாஸ்கோ, லெக்ரிஸ், மெஹர்-ஹோம்ஜி ஆகியோர் மரக்காணம் முதல் கோடியக்கரை வரை இந்தக் காட்டைப் பதிவு செய்தார்கள். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் பார்த்தசாரதியும் கார்த்திகேயனும் கடலூருக்கு அருகே குழந்தைக்குப்பம், திருமாணிக்குழி ஆகிய இரண்டு காடுகளில் சதுரம் கட்டி எண்ணி 1997-ல் வெளியிட்டார்கள். இதே கரையின் இந்த வகைக் காடொன்றில் 1992-ல் எண்ணிய மரங்களை 2002-ல் மறுபடி எண்ணி, பத்தாண்டு மாற்றத்தைக் கணக்கிட்ட ஆய்வும் பார்த்தசாரதியின் குழுவிலிருந்தே வந்தது.

அந்தக் காடுகளில் என்ன இருக்கிறது? காசான், வீரை, உலக்கைப்பாலை, கருங்காலி, இரும்புலி, காட்டெலுமிச்சை. கீழே காரை, களா, சூரை, ஆதொண்டை. மேலே பின்னிக்கொண்டு ஏறும் தடித்த கொடிகள். இந்தக் கொடிகள்தான் முக்கியம். நட்ட தோப்பில் கொடி வராது. வந்தால் வாட்ச்மேன் அறுத்துவிடுவார். முதிர்ந்த காட்டின் அடையாளங்களில் ஒன்று கொடி. இன்னொன்று, பறவை தின்று உமிழும் பழமரங்களின் நாற்றுகள் தாய்மரத்துக்குத் தொலைவில் முளைத்திருப்பது. சின்னான் குருவி ஒரு மீள்காட்டுக்குள் வந்து போகிறது என்பதற்கு அங்கே யாரும் நடாத களாக்கன்றைவிட நல்ல சாட்சி கிடையாது.

இங்கேதான் கணக்கெடுப்பில் ஒரு பொறி இருக்கிறது. இனங்களின் எண்ணிக்கை கூடினால் நிலம் தேறுகிறது என்று தோன்றும். புரட்டிய மண்மேட்டில் முதல் சில மழைகளுக்குள் எருக்கு, ஆவாரை, துத்தி, வெட்டுக்காயப் பூண்டு, எலிஆமணக்கு, சீமைக்கருவேலம் என்று இருபது முப்பது இனங்கள் வந்து இறங்கிவிடும். காற்றில் பறக்கும் விதையும் ஆடு தின்று போடும் விதையும் எங்கும் உண்டு. அந்த எண்ணைப் பார்த்து மகிழ்வது, நோயாளியின் காய்ச்சல் ஏறுவதைத் தெம்பு என்று எண்ணுவது போல. ஹீத் இன்னும் கறாராகப் பாடம் சொல்கிறது. நல்ல ஹீத்தில் இனங்களே குறைவு. நெதர்லாந்தில் காற்றிலிருந்து படியும் நைட்ரஜன் மண்ணுக்கு உரமாகிவிட்டதால், ஹெதர் புதர்களை ஒதுக்கிப் புல் கவிந்துகொண்டது. வெளி முன்பைவிடப் பச்சை, ஆனால் ஹீத் போய்விட்டது. இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் 1856 முதல் நடந்துவரும் புல்வெளிச் சோதனையும் இதையே காட்டுகிறது: உரமே போடாத பாத்திகளில் நாற்பதை ஒட்டிய இனங்கள் தங்கியிருக்க, ஆண்டுதோறும் நைட்ரஜன் உரம் வாங்கிய சில பாத்திகளில் ஓரிரு புற்கள்தான் மிஞ்சின.

சுரங்க மேட்டைப் பசுமையாக்க எருவும் நுண்ணுயிர் உரமும் தாராளமாகக் கொட்டுவது வழக்கம். மண்ணில் எதுவுமே இல்லாத முதல் ஆண்டுகளில் அது தேவைதான். ஆனால் காசானும் வீரையும் ஏழை மண்ணுக்குப் பழகியவை. சத்து மிகுந்தால் விரைந்து வளரும் அயல்செடிக்குத்தான் கொண்டாட்டம். எனவே எத்தனை இனம் என்ற ஒற்றை எண்ணைவிட, ஒப்பு நிலத்தின் இனங்களில் எத்தனை இங்கே இருக்கின்றன, அவற்றில் எத்தனை தாமாக வந்தவை, எத்தனை பூத்துக் காய்த்து அடுத்த தலைமுறை நாற்று விட்டிருக்கின்றன என்ற மூன்று பத்திகள் கொண்ட தாள் நமக்கு வேண்டும்.

ஆரோவில்லின் கதை இந்தத் தாளை நிரப்பக் கற்றுக்கொண்ட கதை. 1968-ல் நகரம் தொடங்கியபோது அந்தச் செம்மண் மேட்டில் மழைநீர் ஓடி அறுத்த பள்ளங்கள்தாம் மிகுதி. முதலில் வேர்பிடிக்கும் எதையும் நட்டார்கள். கத்திச்சவுக்கு என்று மக்கள் சொல்லும் ஆஸ்திரேலிய அகேசியா அதில் முன்னணி. நிழலும் சருகும் சேர்ந்த பிறகு, கோயில் காடுகளிலிருந்து விதை பொறுக்கிவந்து உள்நாட்டு மரங்களை அதன் அடியில் நட்டார்கள். பிச்சாண்டிகுளம் போன்ற இடங்களில் இன்று அந்த இரண்டாவது காடு நிற்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. கடலூர் மாவட்டத்து முந்திரிகள் பெருமளவில் வேரோடு சாய்ந்தன; ஆரோவில்லில் அகேசியாக்கள் கொத்துக் கொத்தாக விழுந்தன. கீழே இளமரமாய் நின்ற உள்நாட்டு இனங்களுக்கு வானம் திறந்தது. புயலுக்கு முன் எண் கட்டிய சதுரங்கள் வைத்திருந்தவர்களுக்கு மட்டுமே எது விழுந்தது, எது தாங்கியது, அந்த வெளிச்சத்தில் எது எழுந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

சுரங்கம் தோண்டிய நிலத்தில் இதைச் செய்துகாட்டிய இடம் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாரா காடு. அங்கே பாக்சைட் வெட்டும் அல்கோவா நிறுவனம், வெட்டிய இடத்தை மூடிப் பதினைந்து மாதம் ஆனதும் அங்கிருக்கும் உள்நாட்டுச் செடியினங்களின் எண்ணிக்கை வெட்டப்படாத காட்டுக்குச் சமமாக இருக்க வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டுக்கு இலக்கு வைத்து, அதை எட்டியது. அதற்கு வழியாக அமைந்தது மேல்மண். சுரங்கத்தின் ஒரு பக்கத்தில் சுரண்டிய மேல்மண்ணைக் குவித்து வைக்காமல் அப்படியே மறுபக்கத்தில் பரப்பினார்கள். மேல்மண்ணின் சில விரற்கடை ஆழத்துக்குள் பல ஆண்டுகளின் விதைகள் உறங்கும். குவியலாகக் கிடந்தால் அவை அழுகும், வேருக்குத் துணைபோகும் பூஞ்சைகள் சாகும். அங்கும் குறை சொல்லப்பட்டது: எண்ணிக்கை சமமானாலும் சேர்க்கை சமமில்லை, தீக்குப் பின் அடிவேரிலிருந்து துளிர்க்கும் வகைச் செடிகள் வரவில்லை என்று. அந்தக் குறையைக் கண்டுபிடித்ததும் இனவாரியாக எண்ணிய அதே தாள்தான்.

நெய்வேலியில் மூடிய பகுதிகளில் மரம் நட்டிருக்கிறார்கள், பூங்கா அமைத்திருக்கிறார்கள், தோட்டம் போட்டிருக்கிறார்கள். அங்கே வெயிலில் நாற்று சுமந்தவர்களின் உழைப்பு பெரிது. தூசி பறந்த இடத்தில் நிழல் இருப்பது சிறிய செய்தி அன்று. ஆனாலும் இத்தனை இலட்சம் மரக்கன்று நடப்பட்டது என்ற வாக்கியம் ஒரு செலவுக் கணக்கு. நிலத்தின் கணக்கு வேறு. 2020 ஜனவரியில் உச்சநீதிமன்றம், சுரங்கம் வெட்டிய நிலத்தில் மறுபடி புல் வளர்த்துக் கால்நடைத் தீவனத்துக்கு வழிசெய்ய வேண்டும் என்பதைக் குத்தகை நிபந்தனையாகச் சேர்க்கும்படி மத்திய அரசுக்கு ஆணையிட்டது. மரத்தை மட்டுமே பசுமை என்று கருதும் வழக்கத்தில் புல்லுக்கு இடம் தந்த ஆணை அது. புல்லை மறந்ததன் விலையைப் பழனிமலை கொடுத்திருக்கிறது: 1973-க்கும் 2014-க்கும் இடையில் அங்கே புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்தது, அந்த இடங்களில் பெரும்பாலும் நிற்பது மரத்தோட்டம். பரப்புக் கணக்கில் அது வளர்ச்சியாகவே பதிவாகும்.

யார் எண்ணுவது என்பது அடுத்த சிக்கல். இரண்டு தாவரவியலர்கள் ஒரே நாளில் ஒரே சதுரத்தை எண்ணினாலும் பட்டியல்கள் ஒன்றாவதில்லை. பத்தில் ஒன்று முதல் மூன்று இனங்கள் வரை வேறுபடும் என்று உலகெங்கும் நடந்த சோதனைகள் காட்டியுள்ளன. ஆண்டுதோறும் ஆள் மாறினால், செடி மாறியதா கண் மாறியதா என்று பிரிக்க முடியாது. புல்லும் கோரையும் பூக்காத நாளில் பெரிய நிபுணரையும் திணற வைக்கும். தமிழகச் சமவெளிக்கு நம்பகமான துணை, திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினெட் உலர்தாவரகத்தை நிறுவிய கே. எம். மேத்யூ அடிகளார் 1980-களின் தொடக்கத்தில் வெளியிட்ட தமிழ்நாட்டுக் கர்நாடகப் பகுதியின் தாவரத் தொகுதிகள். பல்லாயிரம் மாதிரிகளைக் கையால் தொட்டு எழுதியவை அவை.

புத்தகம் தெரியாதவர்களும் இதில் வல்லவர்களே. சேத்தியாத்தோப்பைச் சுற்றிச் சம்பா நடுமுன் தக்கைப்பூண்டும் கொழிஞ்சியும் மிதித்து உழும் விவசாயிக்கு, எந்தச் செடி மண்ணுக்குச் சத்து சேர்க்கும் என்று தெரியும். நெற்பயிருக்கு நடுவே அதே உருவில் நிற்கும் களைப்புல்லைப் பூக்கும் முன்பே பிடுங்கும் பெண்களின் கண்ணுக்கு ஈடான கண் எந்த ஆய்வகத்திலும் கிடையாது. ஆடு மேய்ப்பவருக்கு எந்தப் புல் எந்த மாதம் வரும் என்பது அத்துப்படி. ஆய்வாளர் கொண்டுவர வேண்டியது சதுரமும் உலர்தாவர ஏடும் தேதியும். மற்றதை ஊர் கொடுக்கும். இந்தக் கூட்டு வேலைக்கு ஊதியம் கொடுத்து ஆண்டுதோறும் ஆளை மாற்றாமல் நடத்தினால், பார்வைப் பிழையும் குறையும்.

பக்கத்திலேயே பிச்சாவரம் ஒரு நல்ல சான்று. அங்கே அலையாத்திக் காடு அழிந்த இடங்களில் பள்ளங்களில் தேங்கிய உப்புநீரே காரணம் என்று எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கண்டறிந்தது. 1990-களில் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி அலைநீர் வந்துபோகச் செய்து, ஊராரோடு சேர்ந்து காட்டை மீட்டது. பரப்பு கூடியதைச் செயற்கைக்கோள் காட்டியது. ஆனால் உப்பைத் தாங்கும் வெண்கண்டல் மட்டும் பெருகியதா, சுரபுன்னைகளும் சேர்ந்து வந்தனவா என்பது சேற்றில் இறங்கி எண்ணினால்தான் தெரியும். அப்படி இறங்கிப் பார்க்கும் பழக்கத்தால்தான் 1995-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கதிரேசன் அங்கே இரண்டு சுரபுன்னை இனங்கள் கலந்து உண்டான ஒரு புதிய வகையைக் கண்டு, பல்கலைக்கழகத்தின் பெயரையே அதற்குச் சூட்டினார்.

மீட்பைக் கண்காணிக்க, அழிவதற்கு முன்னிருந்த நிலை தெரிய வேண்டும். இங்கேதான் பெரிய ஓட்டை. சுரங்கத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கேட்பவர் செடிகொடிகளைப் பற்றிய அடிப்படைத் தரவை மழைக்காலம் தவிர்த்த ஏதேனும் ஒரு பருவத்தில் திரட்டினால் போதும் என்கிறது மத்திய அமைச்சகத்தின் வழக்கமான ஆய்வு வரம்பு. தென்மேற்குப் பருவமழையை மனதில் வைத்து எழுதிய விதி அது. அதன்படி அக்டோபர் முதல் டிசம்பர் வரை ‘மழைக்குப் பிந்தைய காலம்’. கடலூர் மாவட்டத்தில் அதுதான் மழையே. பெரும்பாலான பூண்டுகள் முளைப்பதும் அப்போதுதான். மார்ச்சு முதல் மே வரையிலான கோடையைத் தேர்ந்தெடுத்தால் வரப்பில் எஞ்சியிருப்பது எருக்கும் சீமைக்கருவேலமும்தான். ஒரு கோடையில் எழுதிய அந்தத் தாள்தான் ஐம்பது ஆண்டுக்குப் பிறகு ‘இங்கே முன்பு இவைதாம் இருந்தன’ என்று சாட்சி சொல்லும்.

2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில், பயிர் நின்ற வயலில் நெய்வேலிச் சுரங்கத்தின் பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக இயந்திரங்கள் இறங்கியபோது மாநிலமே நெல்லைப் பற்றிப் பேசியது, பேச வேண்டியதுதான். அந்த வயலின் வரப்பில், வாய்க்கால் கரையில், களத்துமேட்டில், பனையடியில் என்னென்ன இருந்தன என்பதற்கும் ஒரு பட்டியல் வேண்டும். இனி வெட்டப்போகும் நிலங்களில் அதைச் செய்ய இன்னும் நேரம் இருக்கிறது. தை மாதம் தோதானது: மழை நின்றிருக்கும், பூண்டுகள் பூத்திருக்கும், அறுவடைக்கு வரும் பெண்கள் அத்தனை பேரும் வரப்பில்தான் இருப்பார்கள். அதே சதுரங்களுக்குச் சித்திரையில் ஒருமுறை திரும்பப் போனால், உலர்காலத்தில் தங்குபவை எவை என்றும் எழுதிவிடலாம். இரண்டு பருவத்துக்கும் சேர்த்து வேண்டியது சில கட்டு முளைகள், கயிறு, பழைய செய்தித்தாள், பெயர் சொல்லத் தெரிந்த பத்துப் பேர்.